உலக மேடைக்கு எந்தப் பாட்டு போகும், யார் அனுப்புவது?

ஒரு நாடு தன் பெயரில் ஒரே ஒரு பாட்டைத்தான் உலகத்தின் முன் வைக்கலாம் என்றால் எதை வைக்கும்? அந்த ஒன்றை யார் முடிவு செய்வார்கள்? ஐரோப்பிய நாடுகள் 1956 முதல் இந்தக் கேள்விக்குப் பதில் சொல்லி வருகின்றன. சுவிட்சர்லாந்தின் லுகானோ நகரில் ஏழு நாடுகளோடு தொடங்கிய யூரோவிஷன் பாட்டுப் போட்டியில் இன்று நாட்டுக்கு ஒரு பாட்டு. எந்தப் பாட்டு என்பதை அந்தந்த நாட்டின் பொது ஒலிபரப்பு நிறுவனம் பொறுப்பேற்று முடிவு செய்கிறது. சில நாடுகளில் அதிகாரிகள் அறைக்குள் உட்கார்ந்து தேர்ந்தெடுத்துவிடுவார்கள். சுவீடனில் வாரக்கணக்கில் தொலைக்காட்சியில் போட்டி நடத்தி, நடுவர் மதிப்பெண்ணையும் மக்கள் வாக்கையும் கூட்டி முடிவெடுப்பார்கள். எப்படித் தேர்ந்தெடுத்தாலும் தேர்வு முடிந்த மறுநாள் நாடே சண்டை போடும். யார் தேர்ந்தெடுத்தது, எந்த விதிப்படி என்பது பலருக்கும் தெரியும் என்பதால்தான் சண்டை போடவும் முடிகிறது.

இந்தியாவுக்கு யூரோவிஷன் இல்லை. ஆனால் இந்தியாவும் தன் பெயரில் பாட்டுகளையும் இசையையும் வெளியே அனுப்பிக்கொண்டேதான் இருக்கிறது. ஆஸ்கருக்குப் படம் போகிறது, அதனுள் பாட்டும் போகிறது. யுனெஸ்கோவின் மரபுப் பட்டியலுக்கு இசை மரபுகள் போகின்றன. பன்னாட்டு விழா இங்கே நடந்தால் தொடக்க நாள் மேடையில் 'இதுதான் நாங்கள்' என்று ஒரு பாட்டை ஏற்றுகிறார்கள். இவை ஒவ்வொன்றும் ஒரு தேர்வு. கம்பம் பள்ளத்தாக்கின் மேளக் கலைஞர்களைப் பற்றி ஆய்வு செய்துகொண்டிருப்பவள் என்ற முறையில் என் கேள்வி இதுதான்: எங்கள் பக்கத்து ஒலி பல முறை இந்தியாவின் பெயரில் வெளியே போயிருக்கிறது. அதை அனுப்புவதா வேண்டாமா, யார் பெயரில் அனுப்புவது என்று முடிவு செய்த இடத்தில் எங்கள் பக்கத்து ஆள் எப்போதாவது இருந்திருக்கிறாரா?

பண்ணைப்புரத்தின் ஒலியும் மும்பையின் அறையும்

ஆஸ்கரின் பன்னாட்டுத் திரைப்படப் பிரிவுக்கு ஒவ்வொரு நாடும் ஆண்டுக்கு ஒரு படத்தைத்தான் அனுப்பலாம். இந்தியாவில் அதைத் தேர்ந்தெடுப்பது அரசு என்று பலர் நினைக்கிறார்கள். உண்மையில் அது இந்தியத் திரைப்படக் கூட்டமைப்பின் வேலை. தயாரிப்பாளர்கள், விநியோகஸ்தர்கள், திரையரங்கு உரிமையாளர்கள் ஆகியோரின் சங்கங்கள் சேர்ந்த அமைப்பு அது. படத்தை எடுத்தவர் கட்டணம் கட்டி விண்ணப்பிக்க வேண்டும். கூட்டமைப்பு அமைக்கும் ஒரு குழு படங்களைப் பார்த்து ஒன்றை அறிவிக்கும்.

அந்த அறையிலிருந்து வெளியே வந்த பெயர்களைப் பாருங்கள். 1986-இல் தெலுங்கின் 'ஸ்வாதி முத்யம்', 1987-இல் 'நாயகன்', 1990-இல் 'அஞ்சலி', 1992-இல் 'தேவர் மகன்', 1997-இல் மலையாளத்தின் 'குரு', 2000-இல் 'ஹே ராம்'. மூன்று மொழிகள், ஆறு படங்கள், ஒரே இசையமைப்பாளர். கம்பம் பள்ளத்தாக்கின் பண்ணைப்புரத்தில் பிறந்த இளையராஜா. இந்தியாவின் பெயரில் ஆறு முறை எங்கள் ஊர்க்காரரின் இசை அமெரிக்கா வரை போயிருக்கிறது. அவர் தன்னைச் சாதியால் அடையாளப்படுத்துவதை விரும்பாதவர், அதை மதிக்க வேண்டும். அவருடைய மேதைமைக்கு எந்தக் குழுவின் சான்றிதழும் தேவையில்லை என்பதும் தெரிந்ததே. ஆனால் 'பார், ஒடுக்கப்பட்டவர்களின் இசைக்குத்தான் இடம் கிடைத்துவிட்டதே' என்று யாராவது இந்தப் பட்டியலைக் காட்டினால், அதில் நான்காவதாக இருக்கும் படத்தைப் பற்றிக் கொஞ்சம் பேச வேண்டும்.

1989 செப்டம்பரில் போடியிலும் சுற்றுக் கிராமங்களிலும் சாதி வன்முறை வெடித்தது. அன்று அது மதுரை மாவட்டம், தேனி தனி மாவட்டமாகவில்லை. உயிர்கள் போயின, வீடுகள் எரிந்தன. அது நடந்து மூன்று ஆண்டுகளில், 1992 தீபாவளிக்கு 'தேவர் மகன்' வந்தது. படம் அரிவாளைக் கீழே போடச் சொல்லி முடிகிறது, அதை மறைக்க வேண்டியதில்லை. ஆனால் தெருவுக்கு வந்தது படத்தின் முடிவு அல்ல, பாட்டு. சாதிப் பெருமையைப் போற்றும் அந்தப் பாட்டு தென்மாவட்டங்களில் ஆதிக்க சாதியின் கொடிப்பாட்டாக மாறியது. குருபூஜைக்குப் போகும் வண்டிகளில், ஊர்த் திருவிழா ஒலிபெருக்கிகளில், கல்யாண மண்டப வாசல்களில் அது ஒலித்தது. 1995-இல் கொடியன்குளம், 1997-இல் மேலவளவு என்று தென்மாவட்டங்கள் போய்க்கொண்டிருந்த அதே ஆண்டுகளில் அந்தப் பாட்டும் ஊர் ஊராகப் போய்க்கொண்டிருந்தது. எங்கள் தெருக்களில் வளர்ந்தவர்களுக்கு அந்தப் பாட்டின் முதல் தாளம் கேட்டதும் சைக்கிளை விட்டு இறங்குவதா வேறு பாதையில் போவதா என்ற கணக்கு மனதில் ஓடும்.

நாடு அந்தப் படத்துக்கு ஐந்து தேசிய விருதுகளைத் தந்தது. உலகத்துக்கான தன் நுழைவாகவும் அனுப்பியது. நடிப்பையும் ஒளிப்பதிவையும் இசையையும் எடைபோட்டவர்களுக்கு அந்தப் பாட்டு தெருவில் என்னவாகும் என்று கேட்கத் தோன்றவில்லை. கேட்டுச் சொல்ல அந்த மேசையில் போடி மீனாட்சிபுரத்திலிருந்தோ மேலவளவிலிருந்தோ யாரும் இருக்கும்படி விதி எதுவும் இல்லை. இந்தக் கேள்வி பொது மேடைக்கு வர 31 ஆண்டுகள் ஆயின. 2023 ஜூனில் 'மாமன்னன்' பாடல் வெளியீட்டு விழாவில், கமல்ஹாசன் முன்னிலையிலேயே, மாரி செல்வராஜ் 'தேவர் மகன்' தனக்குள் ஏற்படுத்திய வலியைப் பேசினார். அந்தப் படத்தின் இசக்கிதான் தன் மாமன்னன் என்றார். இரண்டு பாத்திரங்களிலும் நடித்தவர் வடிவேலு. ஒரு பாட்டைப் பற்றிய கருத்தைச் சொல்ல ஒருவர் படமெடுக்கும் இயக்குநராக வளர்ந்து வர வேண்டியிருந்தது. தேர்வு அறையில் அன்றைக்கே ஒரு நாற்காலி இருந்திருந்தால் அந்தக் கருத்து 1992-லேயே பதிவாகியிருக்கும்.

இப்போது நிலைமை மாறிவிட்டதா? 2024-இல் 29 படங்களைப் பார்த்த 13 பேர் குழுவில் ஒரு பெண்கூட இல்லை. பெண்களைப் பற்றிய படமான 'லாபதா லேடீஸ்' தேர்வானதற்கு அவர்கள் எழுதிய குறிப்பில் இந்தியப் பெண்களை அடக்கமும் ஆதிக்கமும் கலந்த விசித்திரக் கலவையாக வர்ணித்திருந்ததைப் பார்த்து நாடே சிரித்தது. 'வாழை', 'தங்கலான்', 'கொட்டுக்காளி' ஆகியவையும் அந்த 29-இல் இருந்தன. அவை ஏன் இல்லை என்பதற்கு எழுத்தில் ஒரு விளக்கமும் வரவில்லை. 2025-இல் நீரஜ் கய்வானின் 'ஹோம்பவுண்ட்' தேர்வானது. தன்னைத் தலித் என்று வெளிப்படையாகச் சொல்லிக்கொள்ளும் இயக்குநர், ஒரு தலித்தும் ஒரு முஸ்லிமும் நண்பர்களாக இருக்கும் கதை. மகிழ்ச்சிதான். ஆனால் மூடிய அறையிலிருந்து வரும் நல்ல முடிவு அந்த ஆண்டின் அதிர்ஷ்டம். அடுத்த ஆண்டு அதே அறை வேறு மாதிரி முடிவெடுத்தால் கேட்க நமக்கு ஒரு விதியும் கையில் இல்லை.

வேதத்துக்கு வந்த முதல் வரிசை

அடுத்த வாசல் யுனெஸ்கோ. மனித குலத்தின் வாழும் மரபுகளுக்கான பட்டியலுக்கு ஒவ்வொரு நாடும் தன் பரிந்துரைகளை அனுப்புகிறது. இந்தியாவில் இந்த வேலையைச் செய்துவருவது சங்கீத நாடக அகாதமி. இந்தப் பட்டியலில் இந்தியாவின் முதல் மூன்று இடங்கள் எவை தெரியுமா? 2001-இல் கேரளத்தின் கூடியாட்டம், 2003-இல் வேதம் ஓதும் மரபு, 2005-இல் ராம்லீலா.

நடுவில் இருப்பதைக் கவனியுங்கள். இந்த நாட்டின் எண்ணற்ற ஒலி மரபுகளில் உலகத்தின் முன் வைக்க முதலில் நினைவுக்கு வந்த ஒலி, நாம் கேட்கக்கூடாது என்று சாத்திரம் எழுதி வைத்திருந்த ஒலி. கேட்டால் காதில் ஈயத்தைக் காய்ச்சி ஊற்றச் சொன்ன தர்மசூத்திரத்தை அம்பேத்கரும் பெரியாரும் எத்தனை மேடைகளில் எடுத்துக்காட்டியிருக்கிறார்கள். அதே ஒலி 'மனித குலத்தின் மரபு' ஆகிவிட்டது. பிறகு 2010-இல் ராஜஸ்தானின் நாடோடிச் சமூகமான கல்பேலியா மக்களின் பாட்டும் ஆட்டமும் சேர்ந்தன. 2021-இல் கொல்கத்தாவின் துர்கா பூஜை, 2023-இல் குஜராத்தின் கர்பா. பறை இன்றுவரை இல்லை. தமிழ்நாட்டுக்கே உரியது என்று சொல்லும்படி எதுவும் அந்தப் பட்டியலில் இல்லை.

இங்கே ஒன்றைச் சொல்ல வேண்டும். யுனெஸ்கோவின் விண்ணப்பத்தில் ஒரு கட்டாயப் பகுதி இருக்கிறது. அந்தக் கலையைச் சுமக்கும் சமூகம் பரிந்துரையில் பங்கெடுத்ததா, விவரம் தெரிந்து, முன்கூட்டியே, தன் விருப்பத்தோடு ஒப்புதல் தந்ததா என்பதற்குச் சான்று வைக்க வேண்டும். ஆஸ்கர் அறையில் இல்லாத விதி இது. காகிதத்தில் இருக்கும் நல்ல விதி. எதை முதலில் அனுப்புவது என்று வரிசை போடும் இடத்தில் மட்டும் அந்தச் சமூகங்களுக்கு இடமில்லை.

பாட்டு போனது, பாடியவர்?

குழுவும் வேண்டாம், அகாதமியும் வேண்டாம், நல்ல பாட்டு தானாகவே உலகத்தைச் சேரும் என்று நினைக்கும் நண்பர்கள் உண்டு. 'நாட்டு நாட்டு' அப்படித்தானே போனது என்பார்கள். உண்மைதான், 2023 மார்ச்சில் சிறந்த பாட்டுக்கான ஆஸ்கர் விருது அதற்குக் கிடைத்தது. அந்த ஆண்டு இந்தியா அதிகாரபூர்வமாக அனுப்பிய படம் 'ஆர்ஆர்ஆர்' அல்ல, குஜராத்திப் படமான 'செல்லோ ஷோ'. பாட்டுப் பிரிவுக்கு நாட்டின் பரிந்துரை தேவையில்லை. பிரச்சாரம் செய்யப் பணமும் ஆளும் இருந்தால் நேராகப் போட்டியிடலாம். ஆக, நாட்டின் வாசல் மூடியிருந்தால் பணத்தின் வாசல் திறந்திருக்கிறது. உத்தமபாளையத்தில் ஒரு நாள் கூலிக்கு மேளம் அடிப்பவர் இந்த இரண்டில் எந்த வாசலில் போய் நிற்பார்?

பாட்டு தானாகப் போனாலும் அதைப் படைத்தவர் கூடவே போவார் என்ற உறுதி இல்லை என்பதை 'எஞ்சாய் எஞ்சாமி' காட்டியது. 2021 மார்ச்சில் வெளிவந்த அந்தப் பாட்டுக்குப் பின்னால் அறிவின் பாட்டி வள்ளியம்மாளின் வாழ்க்கை இருந்தது. இலங்கைத் தேயிலைத் தோட்டத்தில் உழைத்து, பிறகு இங்கே அனுப்பப்பட்ட மக்களின் கதை அது. தினமும் விடியும் முன் கம்பத்திலிருந்தும் போடியிலிருந்தும் ஜீப்பில் நெருக்கியடித்துக்கொண்டு மலையேறி இடுக்கியின் ஏலத் தோட்டங்களுக்குப் போகும் எங்கள் பெண்களுக்கு அந்தக் கதையை யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை.

2021 ஆகஸ்டில் 'ரோலிங் ஸ்டோன் இந்தியா' இதழின் அட்டையில் அந்தப் பாட்டைப் பாடிய தீ இருந்தார், அறிவு இல்லை. பா.ரஞ்சித் உள்ளிட்டோர் கேள்வி எழுப்பிய பிறகே அறிவுக்கு ஓர் அட்டை வந்தது. 2022 ஜூலை 28-இல் செஸ் ஒலிம்பியாட் தொடக்க விழா சென்னையில் நடந்தது. 180-க்கும் மேற்பட்ட நாடுகளின் அணிகள் வந்திருந்தன. தமிழ்நாடு தன்னை உலகத்துக்கு அறிமுகப்படுத்திய அந்த மேடையில் தீயும் கிடக்குழி மாரியம்மாளும் 'எஞ்சாய் எஞ்சாமி' பாடினார்கள். அறிவு மேடையில் இல்லை. பாட்டில் தன் உழைப்பு என்ன என்பதை அவர் சமூக ஊடகத்தில் எழுத வேண்டி வந்தது. அப்போது அவர் அமெரிக்காவில் இருந்தார் என்ற விளக்கம் வந்தது. அவருடைய பங்கைத் தாங்கள் ஒருபோதும் மறைக்கவில்லை என்று தீயும் சந்தோஷ் நாராயணனும் சொன்னார்கள். தனிமனிதர்களின் நோக்கத்தைக் கூண்டில் ஏற்ற இதைச் சொல்லவில்லை. அது அரசு விழா. ஒரு பாட்டை மாநிலத்தின் அடையாளமாக ஏற்றும்போது அதை எழுதியவரிடம் முதலில் கேட்க வேண்டும் என்ற விதி அரசிடம் இருந்திருந்தால் எவர் மீதும் எவரும் குறை சொல்ல வேண்டிய நிலையே வந்திருக்காது.

வேறு மாதிரியும் முடியும்

ஒடுக்கப்பட்டவர்களின் பாட்டை ஒரு நாடு தன் பாட்டாக அனுப்பிய வரலாறும் உண்டு. நார்வேயின் வடக்கில் வாழும் ஸாமி பழங்குடி மக்களின் 'யோய்க்' என்ற பாடும் முறையைத் திருச்சபை நீண்ட காலம் பேய் வழிபாடு என்று ஒடுக்கியது. பறையொலியைத் தீட்டு என்றதுபோலத்தான். 1979-இல் ஆல்தா ஆற்றில் அணை கட்டுவதை எதிர்த்து ஸாமி மக்கள் ஆஸ்லோவில் நாடாளுமன்றத்தின் முன் உண்ணாவிரதம் இருந்தார்கள். அடுத்த ஆண்டு, 1980-இல், நார்வேயின் யூரோவிஷன் பாட்டு அந்தப் போராட்டத்தைப் பற்றியது. மாத்திஸ் ஹேத்தா என்ற ஸாமி பாடகர் தன் மக்களின் உடையில் மேடையேறி யோய்க் பாடினார். 19 நாடுகளில் 16-ஆவது இடம்தான் கிடைத்தது. அணையும் பிறகு கட்டப்பட்டது. ஆனாலும் தன் அரசையே எதிர்த்த மக்களின் குரல் அந்த நாட்டின் பெயரில், அந்த மக்களில் ஒருவரின் வாயாலேயே ஐரோப்பா முழுக்கக் கேட்டது.

2016-இல் உக்ரைன் அனுப்பிய பாட்டு '1944'. ஸ்டாலின் ஆட்சியில் கிரீமியத் தாத்தார் மக்கள் ஊரோடு நாடுகடத்தப்பட்ட ஆண்டு அது. பாடியவர் ஜமாலா, அதே இனத்தைச் சேர்ந்தவர், தன் கொள்ளுப்பாட்டியின் கதையைப் பாடினார். உள்நாட்டுத் தேர்வில் நடுவர்களும் மக்களும் சேர்ந்து அவரைத் தேர்ந்தெடுத்தார்கள். ஸ்டாக்ஹோமில் அந்தப் பாட்டு வென்றது. இந்த இரண்டு நாடுகளும் சொர்க்கம் என்று சொல்லவில்லை. ரஷ்யாவோடு இருந்த பகை உக்ரைனின் தேர்வுக்கு உதவியது என்றுகூட வாதிடலாம். இரண்டு இடத்திலும் பாட்டோடு அந்தப் பாட்டுக்குரிய மனிதரும் மேடைக்குப் போனார் என்பது மட்டும் நமக்கு முக்கியம்.

சரி, மக்கள் வாக்கெடுப்பு நடத்திவிடலாமா? நம் ஊர்த் தொலைக்காட்சிப் பாட்டுப் போட்டிகளில் வாக்குக் கேட்டு வரும் வாட்ஸாப் செய்திகளைப் பார்த்தவர்களுக்கு ஆபத்து தெரியும். எந்தச் சாதிக்கு எண்ணிக்கை அதிகம், யாரிடம் கைப்பேசி அதிகம், எந்தச் சங்கம் வேலை செய்யும் என்பதெல்லாம் கணக்கில் வந்துவிடும். வாக்கெடுப்பு வைத்தால் போடியில் எந்தப் பாட்டு வெல்லும் என்று நினைக்கவே பயமாக இருக்கிறது. யூரோவிஷனே இந்தச் சிக்கலைச் சந்தித்தது. மக்கள் வாக்கு மட்டும் போதாது என்று 2009 முதல் இறுதிப் போட்டியில் நடுவர் மதிப்பெண்ணைப் பாதிக்குப் பாதி சேர்த்தார்கள். ஆக, கூட்டத்தின் தலையை எண்ணுவதால் மட்டும் நீதி கிடைத்துவிடாது. இதை நமக்கு ஐரோப்பா சொல்லித்தர வேண்டியதில்லை, 1932-லேயே ஒருவர் சொல்லியிருக்கிறார்.

1932 ஆகஸ்டில் வந்த வகுப்புவாரித் தீர்ப்பு, தாழ்த்தப்பட்டோருக்கு மாகாண சபைகளில் 71 இடங்களும் அந்த இடங்களுக்கான ஆட்களைத் தாங்களே தேர்ந்தெடுக்கும் தனித்தொகுதி உரிமையும் தந்தது. காந்தியின் உண்ணாவிரதத்துக்குப் பிறகு செப்டம்பர் 24-இல் கையெழுத்தான புனா ஒப்பந்தம் இடங்களை 148 ஆக்கியது. முதற்கட்டத்தில் நான்கு பேர் கொண்ட பட்டியலை நம் மக்கள் தேர்ந்தெடுக்கலாம் என்றது. ஆனால் அந்த நால்வரில் யார் என்ற கடைசி முடிவு எல்லோரும் வாக்களிக்கும் பொதுத்தொகுதியிடம் போனது. இடம் இரண்டு மடங்கானது, தேர்ந்தெடுக்கும் அதிகாரம் கைவிட்டுப் போனது. நம்மில் ஒருவர் உட்கார்ந்திருப்பதும் நாம் அனுப்பியவர் உட்கார்ந்திருப்பதும் ஒன்றல்ல என்று அம்பேத்கர் கடைசிவரை சொல்லிவந்தது இதைத்தான். நாட்டின் இசைத் தேர்வுகளில் நமக்கு இன்று நடப்பதும் அதே கணக்கு. ஆறு படங்கள், ஒரு தொடக்க விழா, அவ்வப்போது ஒரு விருது என்று இடங்கள் கூடிக்கொண்டுதான் இருக்கின்றன.

யாரைக் கேட்டு?

சின்னமனூரை ஒட்டிய ஒரு கிராமத்தில் பல ஆண்டுகளாகப் பறையடித்துவரும் பெரியவர் ஒருவரிடம், பறையை உலகப் பட்டியலில் சேர்த்தால் என்ன நினைப்பீர்கள் என்று ஆய்வுக்காகக் கேட்டேன். அவர் உடனே மகிழவில்லை. "அதச் சேத்தா எழவுக்கு அடிக்க வரச் சொல்றத நிறுத்திருவாங்களாம்மா?" என்று திருப்பிக் கேட்டார். கொஞ்ச நேரம் கழித்து, "எங்க வேணாலும் கொண்டு போகட்டும். எங்களக் கேட்டுட்டுக் கொண்டு போகட்டும்" என்றார்.

அந்த முதல் கேள்வியில் தலித் இயக்கத்தின் ஒரு பெரிய விவாதம் அடங்கியிருக்கிறது. பறை நம் மீது சுமத்தப்பட்ட அடிமை வேலையின் அடையாளம், அதைத் தூக்கி எறிய வேண்டும் என்று பல ஊர்களில் இளைஞர்கள் பறையடிக்க மறுத்தார்கள், அதற்காக அடியும் வாங்கினார்கள். பறை நம் ஆதி இசை, அதை விடுதலையின் கருவியாக மீட்க வேண்டும் என்று இன்னொரு தரப்பு மேடையேற்றியது. அலங்காநல்லூர் வேலு ஆசானுக்கு 2025-இல் பத்மஸ்ரீ கிடைத்தது இரண்டாவது வழியின் நீண்ட உழைப்புக்குக் கிடைத்த அங்கீகாரம். இரண்டு தரப்பிலும் நியாயம் இருக்கிறது. எந்தப் பக்கம் என்று அகாதமியோ, அரசுத் துறையோ, நானோ முடிவு செய்ய முடியாது. அடிப்பவர்கள் கூடிப் பேசி முடிவு செய்ய வேண்டும். 'அனுப்புங்கள்' என்று சொல்ல உரிமை உள்ளவர்களுக்கு 'அனுப்பாதீர்கள்' என்று சொல்லவும் உரிமை வேண்டும்.

மக்களே தேர்ந்தெடுத்த பாட்டு எப்படியிருக்கும் என்பதற்கு எங்கள் மலைக்கு அந்தப் பக்கமே ஒரு சாட்சி உண்டு. 1958-இல் கேரளத்தின் தேவிகுளம் இடைத்தேர்தலில் கம்யூனிஸ்ட் வேட்பாளர் ரோசம்மா புன்னூஸுக்காகப் பாட இளையராஜாவின் அண்ணன் பாவலர் வரதராசன் போனார். சிறுவன் இளையராஜாவும் கூடப் போனார். கேட்டவர்கள் தேயிலைத் தோட்டத் தமிழ்க் கூலித் தொழிலாளர்கள். எந்தப் பாட்டு நிற்கும், எது விழும் என்று அந்தக் கூட்டம்தான் முடிவு செய்தது. பிடித்ததைத் தூக்கிக்கொண்டு லயங்களுக்குப் போனது. ரோசம்மா வென்றார். அந்த மேடைகளில் தொடங்கிய இசைதான் 1976-இல் 'அன்னக்கிளி'யாகத் திரைக்கு வந்து, 49 ஆண்டுகள் கழித்து, 2025 மார்ச் 8-இல் லண்டனில் சிம்பொனியாக ஒலித்தது. அங்கே போக அவர் எந்தத் தேர்வுக் குழுவையும் எதிர்பார்க்கவில்லை. ஆனால் குழு தேவைப்படாத உயரத்துக்கு வர ஒரு மேதைக்கே அத்தனை ஆண்டுகள் ஆயின. மேதையாக இல்லாத, நன்றாக அடிக்கத் தெரிந்த, நன்றாகப் பாடத் தெரிந்த சாதாரணக் கலைஞர்களுக்கு நியாயமான விதிகள் வேண்டும்.

அந்த விதிகள் கடினமானவை அல்ல. நாட்டின் பெயரிலோ மாநிலத்தின் பெயரிலோ ஒரு பாட்டை, படத்தை, இசை மரபைத் தேர்ந்தெடுக்கும் எந்தக் குழுவும் தன் உறுப்பினர்கள் யார், எப்படி நியமிக்கப்பட்டார்கள் என்பதைத் தேர்வுக்கு முன்பே வெளியிட வேண்டும். அதில் தலித், பழங்குடிக் கலைஞர்களுக்கும் பெண்களுக்கும் உறுதியான இடம் வேண்டும். அந்த இடத்துக்கு யார் என்பதைக் கலைஞர்களின் அமைப்புகளே தேர்ந்தெடுக்க வேண்டும். தேர்ந்தெடுத்ததற்கும் தேர்ந்தெடுக்காததற்கும் காரணம் எழுத்தில் வர வேண்டும். கட்டணம் கட்ட முடியாதவர்களின் படைப்புக்குக் கட்டண விலக்கு வேண்டும். ஒரு பாட்டை மேடையேற்றினால் அதை எழுதியவர், மெட்டமைத்தவர், பாடியவர் எல்லோரிடமும் முதலில் கேட்க வேண்டும். அவர்கள் வர இயலாவிட்டால் அவர்கள் பெயர் மேடையில் உரக்கச் சொல்லப்பட வேண்டும்.

தில்லியையும் மும்பையையும் மாற்ற நாளாகும். தமிழ்நாடு நாளைக்கே தொடங்கலாம். சமூகநீதியைப் பெருமையாகப் பேசும் அரசு இது. சென்னை சங்கமம் நடத்துகிறது, இயல் இசை நாடக மன்றம் வைத்திருக்கிறது, நாட்டுப்புறக் கலைஞர்களுக்கு நல வாரியம் வைத்திருக்கிறது. தேனி மாவட்டத்தில் ஒரு கூட்டத்தோடு ஆரம்பிக்கட்டும். வீரபாண்டித் திருவிழாவுக்கு அடிப்பவர்களையும், எழவுக்கு அடிக்க மறுத்தவர்களையும், மலைத் தோட்டங்களில் நடவுப் பாட்டும் தாலாட்டும் பாடும் பெண்களையும் ஒரே பந்தலில் உட்கார வைத்து, உங்கள் இசையில் எதை உலகத்துக்கு அனுப்பலாம், எதை அனுப்பக்கூடாது, யார் போக வேண்டும் என்று கேட்கட்டும். அவர்கள் சொல்வதை எழுதிக்கொள்ளட்டும். அந்தக் கூட்டத்துக்கு நாள் குறிக்கச் சொல்லிக் கேட்பது நம் வேலை.